வீட்டு லேத் பட்டறை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலம் அம்மாப்பேட்டையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் முன்பு அப்பாவின் விசைத்தறி ஓடிய கொட்டகையில் இப்போது ஒரு நாலரை அடி லேத் (இரும்பைச் சுழற்றிக் கடையும் கடைசல் மெஷின்), ஒரு டிரில்லிங் மெஷின், ஒரு பெஞ்ச் கிரைண்டர், ஒரு வைஸ் இருக்கின்றன. தறிக்கு ஒரு புஷ் (சாஃப்டைத் தாங்கும் வளையம்) தேய்ந்தால்கூட வெளியே கொடுத்துவிட்டு இரண்டு நாள் காத்திருக்க வேண்டியிருந்தது, அப்படித்தான் இது ஆரம்பித்தது. இன்று சிவதாபுரத்தில் கொலுசு செய்கிறவர்களும், ஏற்காட்டில் சின்னத் தோட்டம் வைத்திருப்பவர்களும், வீட்டில் சொந்தமாக ஒரு லேத் போட்டுப் பழகும் தம்பிகளும் ஒரே மாதிரியான கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எந்தச் சாமானையும் மாற்றுவதற்கு முன்னால் அளந்து பாருங்கள். போன காசில் பாதி, அளக்காமல் மாற்றிய சாமானுக்குப் போனதுதான்.

மோட்டார் "ம்ம்ம்" என்று உறுமுகிறது, சுற்ற மாட்டேன் என்கிறது. காயில் போய்விட்டதா அண்ணா?

அனேகமாக இல்லை. முதல் வேலை, சுவிட்சை அணையுங்கள். உறுமிக்கொண்டு நிற்கும் மோட்டாருக்கு ஒரு நிமிடம் கரண்ட் கொடுத்தாலே போதும், நன்றாக இருந்த காயிலும் நிஜமாகவே எரிந்துவிடும்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு பெல்ட்டைக் கழற்றி, சாஃப்டைக் கையால் சுற்றிப் பாருங்கள். கனமாகச் சுற்றினால் பேரிங் பிடித்திருக்கிறது. லேசாகச் சுற்றினால் அடுத்து கண்டென்சரைப் பார்க்க வேண்டும். சிங்கிள் பேஸ் மோட்டார் தானாகக் கிளம்பாது, கிளப்பிவிட ஒரு தள்ளு வேண்டும், அந்தத் தள்ளைக் கொடுப்பது கண்டென்சர். அது உப்பியிருந்தாலோ எண்ணெய் கசிந்திருந்தாலோ கதை முடிந்தது, அதன் மேல் அச்சடித்திருக்கும் எம்எஃப்டி எண்ணையும் வோல்ட்டையும் குறித்துக்கொண்டு போய் அதே அளவில் வாங்குங்கள். கழற்றும்போது வெறும் கையால் முனைகளைத் தொடக் கூடாது, கரண்ட் போன பிறகும் அதில் சார்ஜ் நிற்கும். ஹோல்டரில் மாட்டிய குண்டு பல்பின் இரண்டு ஒயரையும் அந்த முனைகளில் ஒரு நொடி வைத்து இறக்கிவிட்டுத்தான் தொட வேண்டும்.

கண்டென்சர் நன்றாக இருந்தால், பின் மூடிக்குள் இருக்கும் சென்ட்ரிஃபியூகல் சுவிட்ச். மோட்டார் வேகம் எடுத்ததும் கிளப்பும் காயிலைத் துண்டிக்கிற சின்ன சுவிட்ச் அது. தறிப் பக்கம் இருக்கிறவர்கள் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும், ஏனென்றால் பஞ்சுத் தூசு உள்ளே போய் எண்ணெயோடு சேர்ந்து பாயிண்ட்டில் கம்பளி மாதிரி அப்பிக்கொள்ளும். என்னுடைய ஒரு குதிரைத்திறன் மோட்டாரை ஒரு ரீவைண்டிங் கடையில் காட்டியபோது திறந்துகூடப் பார்க்காமல் "காயில் போச்சு, மாத்திடலாம்" என்றார்கள். மனசு கேட்காமல் திரும்பக் கொண்டுவந்து பின் மூடியை எடுத்தேன். இரண்டு பாயிண்ட்டுக்கும் நடுவில் கறுப்பாக ஒரு பஞ்சு முடிச்சு, அரிசி அளவுதான் இருக்கும். ஊசியால் எடுத்து, நைஸ் எமரி தாளை மடித்து நடுவில் விட்டு இரண்டு இழுப்பு இழுத்தேன். அந்த மோட்டார்தான் இன்னமும் ஓடுகிறது.

மூன்றாவது, வோல்டேஜ். சாயங்கால நேரத்தில் மட்டும் உறுமுகிறது, காலையில் நன்றாகக் கிளம்புகிறது என்றால் மோட்டாரைக் குறை சொல்லாதீர்கள். கிளம்பும் வலு வோல்ட்டின் வர்க்கத்தோடு குறையும். 230 வோல்ட் 190-க்கு இறங்கினால் வலு மூன்றில் இரண்டு பங்குதான் மிஞ்சும். டெஸ்டர் விளக்கு எரிவதை நம்பாமல் மீட்டர் வைத்து, மோட்டார் கிளம்பும் அந்த நொடியிலேயே அளக்க வேண்டும். வீட்டு ஒயர் சன்னமாக இருந்தாலும் இதே கதைதான். ஒரு குதிரைத்திறன் மோட்டாருக்கு நான் 2.5 சதுர மி.மீ. ஒயருக்குக் குறைந்து போடுவதில்லை, எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டி ஓட்டுவதும் இல்லை.

வாங்கின லேத்தில் திரீ பேஸ் மோட்டார். வீட்டில் சிங்கிள் பேஸ். மோட்டாரை மாற்றணுமா?

வேண்டாம், வி.எஃப்.டி. போடுங்கள். சிங்கிள் பேஸ் 230 வோல்ட் உள்ளே வாங்கி, திரீ பேஸ் 230 வோல்ட் வெளியே தருகிற சின்ன டிரைவ் கிடைக்கிறது. கூடவே வேகத்தையும் குமிழைத் திருப்பிக் கூட்டிக் குறைக்கலாம். ஆனால் வாங்குவதற்கு முன் மோட்டார் தகட்டைப் படியுங்கள். டெர்மினல் பெட்டியில் ஆறு முனை வெளியே வந்து, 415 வோல்ட்டுக்கு ஸ்டார் (மூன்று காயிலின் ஒரு முனையையும் ஒன்றாகச் சேர்த்த இணைப்பு) என்று போட்டிருந்தால், அந்த ஸ்டார் பட்டையை எடுத்துவிட்டு டெல்டாவாக (காயில்களை முக்கோணமாகச் சேர்த்த இணைப்பு) மாற்றினால் 240 வோல்ட்டுக்குச் சரியாக வரும். தகட்டிலேயே 415 டெல்டா என்று இருந்தால் இந்த வழி சரிப்படாது, முழு வலு வராது.

டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவில் சுவிட்ச் வைக்காதீர்கள், ஓடும்போது அதை அணைத்தால் டிரைவ் போய்விடும். பழைய ஆன் ஆஃப் பட்டனை டிரைவின் கண்ட்ரோல் முனைகளில் கொடுங்கள். வேகத்தை ரொம்பக் குறைத்து நீண்ட நேரம் ஓட்டினால் மோட்டாரின் சொந்த விசிறியும் மெதுவாகத்தான் சுற்றும், சூடாகும். 25 ஹெர்ட்ஸுக்குக் கீழே கனமான வேலை செய்யாமல் கப்பியில் பெல்ட்டை மாற்றி வேகம் குறைப்பதுதான் நல்லது. கரண்டை நிறுத்திய பிறகும் பத்து நிமிடம் டிரைவின் மூடியைத் திறக்கக் கூடாது. எர்த் கட்டாயம் வேண்டும், டிரைவுக்கும் மோட்டாருக்கும் லேத் உடம்புக்கும்.

பழைய லேத் பார்க்கப் போகிறேன். எதைப் பார்க்கட்டும்?

பெயிண்டைப் பார்க்காதீர்கள். புதுசாகப் பச்சை பெயிண்ட் அடித்து நிற்கிற மெஷினை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும்.

முதலில் பெட், அதாவது எல்லாம் உட்கார்ந்திருக்கிற நீளமான அடிப்பாகம். எல்லோரும் சாமானைப் பிடித்துச் சுற்றுகிற சக்குக்குப் பக்கத்திலேயே வேலை செய்வார்கள் என்பதால் தேய்மானமும் அங்கேதான் இருக்கும், கம்பியின் மறுமுனையைத் தாங்கும் டெயில் ஸ்டாக் பக்கம் பெட் புதுசாகவே இருக்கும். டூலைச் சுமந்து நகரும் கேரேஜை சக்குக்குப் பக்கத்தில் கொண்டுவந்து அதன் கிப்பை (ஆட்டத்தைக் குறைக்கும் பட்டை) லேசாக இறுக்கி, சும்மா நகரும் அளவுக்கு வையுங்கள். பிறகு டெயில் ஸ்டாக் பக்கம் ஓட்டுங்கள். கடைசி வரை ஒரே மாதிரி நகர்ந்தால் பெட் நன்றாக இருக்கிறது. பாதியில் இறுகி நின்றுவிட்டால் அந்த அளவுக்கு இந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். கட்டை விரல் நகத்தை பெட்டின் ஓரத்தில் குறுக்கே இழுத்துப் பாருங்கள், படி மாதிரி தட்டுப்பட்டால் அதுவும் தேய்மானம்தான்.

அடுத்தது ஸ்பிண்டில், சக்கைச் சுற்றும் தண்டு. சக்கைக் கழற்றி, ஸ்பிண்டில் மூக்கில் டயல் கேஜை (நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் கருவி) வைத்து, ஓட்டைக்குள் ஒரு மரக்கட்டையை விட்டு மேலே நெம்புங்கள். முள் 0.02, 0.03 மி.மீ. ஆடினால் பரவாயில்லை. 0.05-க்கு மேல் போனால் பேரிங்கை இறுக்கிப் பார்க்க வேண்டும், இறுக்கியும் நிற்கவில்லை என்றால் விலையில் பேசுங்கள். பிறகு வேகத்தைக் குறைக்கும் பேக் கியரைப் போட்டுக் கையால் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி ஒவ்வொரு பல்லாகப் பாருங்கள், பித்தளை வைத்து ஒட்டிய பல் நிறமே காட்டிக்கொடுக்கும். த்ரெட் (மரை) போடும் சேஞ்ச் கியர் செட் முழுசாக இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். ஒரு கியர் தொலைந்திருந்தால் சில பிட்ச் (மரைகளுக்கு இடையிலான தூரம்) உங்களால் போடவே முடியாது, தனியாகத் தேடினால் அலைச்சல்தான்.

குறுக்கு ஸ்லைடில் கால் சுற்று ப்ளே (ஸ்லைடு நகராமல் கைப்பிடி சும்மா சுற்றுவது) இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். நட்டை மாற்றலாம், அதுவரை எப்போதும் ஒரே பக்கத்தில் இருந்து அளவுக்கு வந்தால் ப்ளே வேலையைக் கெடுக்காது.

ஏற்றும்போது கவனம். லேத் தலைக்கனம் உள்ள சாமான், சக்கு இருக்கும் ஹெட் ஸ்டாக் பக்கம்தான் எடை முழுவதும். கேரேஜையும் டெயில் ஸ்டாக்கையும் கடைசிக்குத் தள்ளி இறுக்கிவிட்டு, கயிற்றை பெட்டுக்குத்தான் போட வேண்டும். த்ரெட் போடும்போது கேரேஜை நகர்த்தும் நீளத் திருகான லீடு ஸ்க்ரூவில் கயிறு பட்டால் வளைந்துவிடும், அப்புறம் நேராக்குவது யாராலும் ஆகாத காரியம்.

லேத்தை இறக்கி வைத்தாயிற்று. ஆனால் எந்தக் கம்பியைக் கடைந்தாலும் ஒரு முனை தடிமனாக வருகிறது. ஏன்?

இந்தக் கேள்விக்கு நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதற்காக நல்ல லேத்தை விற்றவர்களை எனக்குத் தெரியும்.

கம்பியின் மறுமுனையை டெயில் ஸ்டாக் சென்டரில் தாங்கிக் கடைந்தால் டேப்பர் (ஒரு முனை தடிமனாக வருவது) விழுகிறதா, தாங்காமல் கடைந்தாலும் விழுகிறதா என்று முதலில் பாருங்கள். தாங்கும்போது மட்டும் விழுந்தால் டெயில் ஸ்டாக் பக்கவாட்டில் நகர்ந்திருக்கிறது, அதன் அடியில் இருக்கும் இரண்டு பக்கத் திருகுகளைத் திருப்பிச் சரி செய்துவிடலாம். தாங்காமலும் விழுந்தால் பெட் முறுகியிருக்க வாய்ப்பு அதிகம். வார்ப்பு இரும்பு எப்படி முறுகும் என்று கேட்பார்கள். முறுகும். நாலு கால் மெஷினை மேடு பள்ளமான தரையில் வைத்து போல்ட்டை இறுக்கினால் தரை எப்படி இருக்கிறதோ அப்படித்தான் பெட்டும் இருக்கும்.

30 மி.மீ. தடிமனில் ஒரு கம்பியைச் சக்கில் பிடித்து 150 மி.மீ. வெளியே நிற்கவிடுங்கள். நடுவில் சதையைக் குறைத்துவிட்டு, இரண்டு ஓரத்திலும் விரல் அகலத்துக்கு ஒவ்வொரு வளையம் மட்டும் உயரமாக விடுங்கள். நன்றாகச் சாணை பிடித்த டூலால், டயலைத் தொடாமல், 0.1 மி.மீ. ஆழத்தில் இரண்டு வளையத்தையும் ஒரே ஓட்டத்தில் கடையுங்கள். பிறகு மைக்ரோமீட்டரால் இரண்டையும் அளங்கள். சக்கிலிருந்து தள்ளி இருக்கும் வளையம் தடிமனாக இருந்தால், டெயில் ஸ்டாக் பக்கத்துக் கால்களில் நீங்கள் நிற்கிற பக்கத்துக் காலை உயர்த்த வேண்டும். மெல்லியதாக இருந்தால் பின் பக்கத்துக் காலை. காலுக்கு அடியில் கூல்டிரிங்ஸ் டப்பாவை வெட்டிய தகடு ஒன்று வைத்தால் ஏறத்தாழ 0.1 மி.மீ. உயரும். போல்ட்டை இறுக்கி, மறுபடி கடைந்து, மறுபடி அளங்கள்.

நான் இதை முதன்முதலில் செய்த நாளில் 0.09 மி.மீ. வித்தியாசம் இருந்தது. ஒரு டப்பாத் தகடு வைத்ததும் 0.04 ஆனது. இரண்டாவது தகடு வைத்ததும் மறுபக்கம் போய்விட்டது, அதை எடுத்துவிட்டு இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜில் இருந்து கழன்று கிடந்த ஒரு மெல்லிய இதழை வைத்தேன். 0.01-க்குள் வந்து நின்றபோது இரவு பதினொரு மணி. கொத்தனார் வைக்கிற ரசமட்டத்தில் அன்று காலையிலேயே குமிழி நடுவில்தான் நின்றது, அதாவது அந்த மட்டத்துக்கு இந்த முறுக்கு தெரியவே தெரியாது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை இந்தச் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள், தரை அமுங்கும்.

டூல் சரியான உயரத்தில் இருக்கிறதா என்று எப்படித் தெரியும்?

ஆறு அங்குல ஸ்டீல் ஸ்கேல் போதும். மெஷின் நிற்கும்போது, உருண்டைக் கம்பிக்கும் டூல் மூக்குக்கும் நடுவில் ஸ்கேலை வைத்து டூலை மெதுவாகத் தள்ளிப் பிடிக்க வையுங்கள். ஸ்கேல் செங்குத்தாக நின்றால் சரி. மேல்முனை உங்கள் பக்கம் சாய்ந்தால் டூல் தாழ்ந்திருக்கிறது, அந்தப் பக்கம் சாய்ந்தால் உயர்ந்திருக்கிறது.

பேரிங் நம்பரை எப்படிப் படிப்பது? கடையில் எதையோ கொடுத்துவிடுகிறார்கள்.

கடைசி இரண்டு எண் உள் விட்டத்தைச் சொல்லும். 04-லிருந்து மேலே போனால் ஐந்தால் பெருக்குங்கள்: 6204 என்றால் 20 மி.மீ., 6205 என்றால் 25 மி.மீ. அதற்குக் கீழே நாலை மட்டும் மனப்பாடமாக வைக்க வேண்டும்: 00 என்றால் 10, 01 என்றால் 12, 02 என்றால் 15, 03 என்றால் 17. முழு அளவு வேண்டுமானால் 6203 என்பது 17-க்கு 40-க்கு 12, 6204 என்பது 20-க்கு 47-க்கு 14.

எண்ணுக்குப் பின்னால் வருகிற எழுத்தைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். இசட் இசட் என்றால் இரண்டு பக்கமும் தகடு மூடி, 2ஆர்எஸ் என்றால் ரப்பர் சீல். பஞ்சு, சேகோ (ஜவ்வரிசி) மாவு, சாணைத் தூள் பறக்கிற இடத்தில் ரப்பர் சீல்தான் தாங்கும். சி3 என்றிருந்தால் உள்ளே இடைவெளி சற்று அதிகம், சூடாகும் மோட்டாருக்கு அது நல்லது. பழைய பேரிங்கில் எப்படி எழுதியிருந்ததோ அப்படியே கேளுங்கள்.

அடித்து ஏற்றும்போது சாஃப்டில் ஏற்றுவதானால் உள் வளையத்தில் மட்டும் அடி விழ வேண்டும். அதே அளவு பைப் துண்டு ஒன்றை வைத்துத் தட்டுங்கள். வெளி வளையத்தில் அடித்தால் அந்த அடி குண்டுகள் வழியாகத்தான் போகும், புது பேரிங் அன்றைக்கே சத்தம் போட ஆரம்பித்துவிடும்.

ஏற்காட்டில் வீடு. எவ்வளவு எண்ணெய் பூசினாலும் ஒரே வாரத்தில் துரு. என்ன செய்வது?

ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம், இருபது கொண்டை ஊசி வளைவு ஏறினால் காற்றே வேறு. கீழே சேலத்தில் ஒரு வருஷம் பளபளப்பாக இருக்கிற வெர்னியர் அங்கே மழைக்காலத்தில் பத்து நாளில் புள்ளி விழும். மழைச்சாரல் படாத அறையிலும் துரு வருகிறதே என்பதுதான் எல்லோருக்கும் ஆச்சரியம். ஐஸ் தண்ணீர் ஊற்றிய சொம்புக்கு வெளியே வேர்ப்பது போலத்தான். இரவெல்லாம் குளிர்ந்த இரும்பு காலையிலும் சீக்கிரம் சூடாகாது. நீங்கள் கதவைத் திறந்ததும் வெதுவெதுப்பான ஈரக் காற்று உள்ளே வந்து அந்தக் குளிர்ந்த பெட்டின் மேல் வேர்த்து நிற்கும்.

அதனால் மூடுபனி விலகாமல் பட்டறைக் கதவைத் திறக்காதீர்கள். பிளாஸ்டிக் ஷீட்டால் மெஷினை மூடாதீர்கள், உள்ளே மாட்டிய ஈரம் வெளியே போகாது. பழைய பருத்திப் போர்வை நல்லது, அதில் கொஞ்சம் மெஷின் ஆயில் தெளித்து வைத்தால் இன்னும் நல்லது. டூல் வைக்கிற அலமாரிக்குள் 40 வாட் குண்டு பல்பு ஒன்றைப் போட்டுவிடுங்கள், உள்ளே நாலைந்து டிகிரி கூட இருந்தாலே வேர்க்காது. எல்.இ.டி. பல்புக்கு அந்தச் சூடு கிடையாது. டபிள்யூடி-40 அடித்தால் போதும் என்று நினைக்காதீர்கள், பிடித்ததைக் கழற்ற அது அருமையான சாமான், ஆனால் மாதக் கணக்கில் காக்கிற படலம் அதில் நிற்காது. பெட்டுக்கு கெட்டியான ஸ்லைடுவே ஆயில், சும்மா கிடக்கிற டூலுக்கு கிரீஸ். அளக்கும் கருவியைத் தொட்டால், வைப்பதற்கு முன் துடைத்து எண்ணெய்த் துணியால் ஒரு தடவு தடவுங்கள், விரல் ரேகை அப்படியே துருவாக எழும்பும்.

ஏற்கெனவே துருப்பிடித்த சாமானுக்கு: பிளாஸ்டிக் பக்கெட்டில் பத்து லிட்டர் தண்ணீர், அதில் நாலு மேசைக்கரண்டி சலவை சோடா, 12 வோல்ட் பேட்டரி சார்ஜர். துருப்பிடித்த சாமானை மைனஸில் கட்டுங்கள், வேண்டாத இரும்புக் கம்பி ஒன்றை பிளஸில். இரண்டும் ஒன்றையொன்று தொடக் கூடாது. ராத்திரி முழுவதும் விட்டால் துரு கறுப்புச் சேறாகக் கழன்றுவிடும், பிரஷ்ஷால் தேய்த்து, வெயிலில் காய வைத்து, காய்ந்த அந்த நிமிடமே எண்ணெய் பூச வேண்டும். நம் ஊரில் ஸ்டெயின்லெஸ் துண்டு எங்கே பார்த்தாலும் கிடக்கிறது, அதை பிளஸில் கட்டலாமே என்று தோன்றும். கட்டவே கூடாது, அதிலிருக்கும் குரோமியம் விஷமாகத் தண்ணீரில் இறங்கும். இதை வெளியில், காற்றோட்டத்தில் செய்யுங்கள், வருகிற குமிழி ஹைட்ரஜன், பக்கத்தில் தீக்குச்சி கூடாது. ஸ்பிரிங்குகளை இதில் போடாதீர்கள், நொறுங்கும் தன்மை வந்துவிடும். அலுமினியமும் கூடாது, கரைந்துவிடும்.

ஸ்டெயின்லெஸ் தகட்டில் ஓட்டை போட்டால் டிரில் பிட் நீலமாகிப் போகிறது.

வேகமாக ஓட்டுகிறீர்கள், அமுக்காமல் ஓட்டுகிறீர்கள், இரண்டும் சேர்ந்து வருகிற வினை. உருக்காலை இருக்கிற ஊர், 1980-களில் இருந்து சேலம் ஸ்டெயின்லெஸ் என்றாலே நாடு முழுவதும் தெரியும், அதனால் இந்தக் கேள்வி வராத வாரமே இல்லை. ஸ்டெயின்லெஸில் 304 ரகம் தேய்க்கத் தேய்க்க இறுகும். பிட் வெட்டாமல் ஒரே இடத்தில் நின்று சுற்றினால் அந்த இடம் கண்ணாடி மாதிரி பளபளக்கும், அப்புறம் எந்த பிட்டும் இறங்காது.

கணக்கு இதுதான். வெட்டும் வேகத்தை ஆயிரத்தால் பெருக்கி, 3.14-ஆலும் விட்டத்தாலும் வகுத்தால் சுற்று வரும். சாதா இரும்புக்கு ஹெச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீட் ஸ்டீல்) பிட்டில் நிமிடத்துக்கு 25 மீட்டர், ஸ்டெயின்லெஸுக்கு 12 மீட்டர் என்று வையுங்கள். 8 மி.மீ. ஓட்டைக்கு இரும்பில் ஆயிரம் சுற்று வரும், ஸ்டெயின்லெஸில் 480 சுற்றுக்கு மேல் போகக் கூடாது. பிட் கூர்மையாக இருக்க வேண்டும், அழுத்தமாக ஊட்ட வேண்டும், கட்டிங் ஆயில் சொட்டிக்கொண்டே இருக்க வேண்டும். சுருள் வராமல் தூளாக வந்தால் நிறுத்திவிட்டு பிட்டைச் சாணை பிடியுங்கள்.

இன்னொன்று, காந்தம் ஒட்டவில்லை என்றால் 304 என்று கடைகளில் சொல்வார்கள். 202 ரகத்திலும் காந்தம் ஒட்டாது, ஆனால் விலையும் துரு தாங்கும் குணமும் வேறு.

ஓட்டைக்குள் த்ரெட் வெட்டும் டேப் உள்ளேயே உடைந்துவிட்டது. சாமானையே தூக்கிப் போடணுமா?

சாமான் அலுமினியமா பித்தளையா என்று முதலில் சொல்லுங்கள். அப்படியானால் படிகாரம் இருக்கிறது. கொலுசுக் கம்பி இழுக்கும் மெஷினின் அலுமினிய மூடி ஒன்றை ஒருத்தர் கொண்டுவந்தார், எம் 6 (6 மி.மீ. விட்டம்) டேப் உள்ளே முறிந்து தலை தெரியாமல் கிடந்தது. செவ்வாய்ப்பேட்டையில் கால் கிலோ படிகாரம் வாங்கி, பொடித்து, வெந்நீரில் கரைகிற மட்டும் கரைத்து, மூடியை அதில் அமிழ்த்தி அடுப்பைச் சிம்மில் வைத்தேன். கொஞ்ச நேரத்தில் ஓட்டைக்குள் இருந்து சின்னச் சின்னக் குமிழியாக வர ஆரம்பித்தது. தண்ணீர் வற்றாமல் ஊற்றி ஊற்றி, பகலில் சூடாக்கி, இரவில் அப்படியே விட்டு, மூன்றாம் நாள் ஊசியால் குத்தினேன், டேப் கரித்துண்டு மாதிரி உதிர்ந்து வந்தது. த்ரெட் அப்படியே இருந்தது. அலுமினியம் மட்டும் கொஞ்சம் மங்கியது, அவ்வளவுதான். பழைய பாத்திரத்தை இதற்கென்றே ஒதுக்குங்கள், அதுவும் இரும்பாக இருக்கக் கூடாது. சாமானில் வேறு எங்காவது இரும்பு புஷ்ஷோ பின்னோ இருந்தால் அதையும் படிகாரம் தின்றுவிடும்.

இரும்புச் சாமான் என்றால் இந்த வழி இல்லை, அந்த டேப்பைச் சின்ன உளியால் துண்டு துண்டாக நொறுக்கி எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் மின்பொறியால் அரித்தெடுக்கிற ஸ்பார்க் எரோஷன் செய்யும் இடத்தில் கொடுக்க வேண்டும்.

உடையாமல் பார்த்துக்கொள்வது சுலபம். விட்டத்தில் பிட்சைக் கழித்தால் ஓட்டை அளவு: எம் 6-க்கு 5, எம் 8-க்கு 6.8, எம் 10-க்கு 8.5. பலரும் எம் 8-க்கு 6.5 பிட்டை விடுகிறார்கள், அதில்தான் டேப் முறிகிறது. முதல் டேப், இரண்டாம் டேப், மூன்றாம் டேப் என்று வரிசையாக விடுங்கள், அரைச் சுற்று முன்னால் போனால் கால் சுற்று பின்னால் வாருங்கள்.

கிரைண்டருக்குப் புதுக் கல் மாட்ட வேண்டும். கவனிக்க ஏதாவது?

மாட்டுவதற்கு முன் கல்லை ஓட்டையில் விரல் விட்டுத் தொங்கவிட்டு, ஸ்க்ரூ டிரைவரின் மரப்பிடியால் தட்டுங்கள். மணி மாதிரி கணீரென்று கேட்டால் மாட்டலாம். மண்சட்டி விரிசல் விட்ட மாதிரி சொத்தென்று கேட்டால் உள்ளே கீறல், எவ்வளவு விலை கொடுத்திருந்தாலும் உடைத்துப் போட்டுவிடுங்கள். கல்லின் லேபிளில் இருக்கும் சுற்று, மோட்டாரின் 2,880-ஐ விட அதிகமாக இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒட்டியிருக்கும் காகித வட்டத்தைக் கிழிக்கக் கூடாது. மாட்டியதும் பக்கவாட்டில் நின்று ஒரு நிமிடம் சும்மா ஓடவிடுங்கள். சாமான் வைக்கும் தட்டுக்கும் கல்லுக்கும் நடுவில் 3 மி.மீ.க்கு மேல் இடைவெளி வேண்டாம், அதில் சாமான் நுழைந்தால் விரலும் கூடவே போகும்.

அலுமினியம், பித்தளை எதையும் அந்தக் கல்லில் வைக்காதீர்கள், துளைகள் அடைபட்டுக் கல் சூடாகி வெடிக்கும். கார்பைடு டூலுக்குப் பச்சைக் கல், அதைச் சூட்டோடு தண்ணீரில் முக்கக் கூடாது, விரிசல் விடும். கண்ணாடி போடாமல் கிரைண்டர் பக்கம் போகவே போகாதீர்கள்.

வீட்டில்தானே, லுங்கி கட்டிக்கொண்டு வேலை செய்யலாமா?

கூடாது. துண்டு, துப்பட்டா, முழுக்கை, கைக் கயிறு, மோதிரம், கழுத்துச் சங்கிலி, விரித்த கூந்தல் எதுவும் கூடாது. சுற்றுகிற மெஷினில் கை உறையும் கூடாது, அது தோலைக் காக்காது, கையைத்தான் இழுத்துக்கொடுக்கும். சக்குச் சாவியைச் சக்கில் விட்டுவிட்டுக் கையை எடுக்காதீர்கள், இறுக்கி முடித்ததும் சாவி தட்டுக்குப் போக வேண்டும். குழந்தைகள் இருக்கிற வீடு என்றால் மெயின் சுவிட்சுக்குப் பூட்டு போடுங்கள்.

எண்ணெய் எது போடணும்? வீட்டில் இருக்கிற தேங்காய் எண்ணெய் ஆகுமா?

ஆகாது. சமையல் எண்ணெய் எதுவும் நாள் போகப் போக பிசினாக இறுகும், ஸ்லைடு ஒட்டிக்கொள்ளும். ஸ்லைடுக்கு 68 எண் ஆயில். ஹெட் ஸ்டாக்குக்கு மெஷின் தகட்டில் என்ன எழுதியிருக்கிறதோ அது, எழுத்து அழிந்திருந்தால் 46 எண் பெரும்பாலும் பொருந்தும். அலுமினியம் வெட்ட மண்ணெண்ணெய் ஒரு துளி, பித்தளையும் வார்ப்பு இரும்பும் எதுவும் இல்லாமலே வெட்டலாம்.

வெட்டும்போது குளிர்விக்க, தண்ணீரில் சோலுபிள் ஆயில் கலக்கிறவர்களுக்கு ஒரு விஷயம். எங்கள் பக்கத்து போர் தண்ணீர் உப்பு, அதில் கலந்தால் இரண்டு நாளில் மேலே ஏடு கட்டிப் பிரிந்துவிடும், அப்புறம் நாற்றம், துரு எல்லாம் வரும். குழாயில் வருகிற மேட்டூர் தண்ணீரில் கலந்து பாருங்கள், இல்லாவிட்டால் மழைத் தண்ணீர். இருபது பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு எண்ணெய், தண்ணீரில்தான் எண்ணெயை ஊற்ற வேண்டும், எண்ணெயில் தண்ணீரை ஊற்றினால் தயிர் திரிந்த மாதிரி ஆகிவிடும்.

காபிப் பழம் உரிக்கும் பல்ப்பரை நாமே பார்த்துக்கொள்ளலாமா?

தாராளமாக. ஆனால் பழம் வந்த பிறகு திறக்காதீர்கள், செப்டம்பரிலேயே திறந்துவிடுங்கள். பழச்சாறு புளிப்பு, கழுவாமல் விட்ட மெஷினில் பேரிங் பக்கம்தான் முதலில் அரிக்கும். டிரம்முக்கும் எதிர்த் தகட்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளிதான் உயிர்நாடி, குறைந்தால் கொட்டை நசுங்கும், கூடினால் பழம் உரியாமல் வெளியே வரும். அந்த இடைவெளியை ஃபீலர் கேஜால் இடது, நடு, வலது மூன்று இடத்திலும் அளந்து சுவரிலேயே எழுதி வையுங்கள். ஒரு பக்கம் மட்டும் கூடியிருந்தால் அந்தப் பக்கத்து புஷ் தேய்ந்திருக்கிறது, அதை மட்டும் கடைந்து போட்டால் போதும். டிரம்மின் செம்புத் தகட்டில் குமிழ்கள் மழுங்கியிருந்தால் எந்தச் சரிசெய்தலும் உதவாது, தகட்டை மாற்றத்தான் வேண்டும்.

கையில் கொஞ்சம்தான் காசு இருக்கிறது. முதலில் எதை வாங்கட்டும்?

150 மி.மீ. வெர்னியர், 0.02 அளக்கக்கூடியது. வாங்கும்போது தாடைகளை மூடி வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள், நடுவில் கோடாக வெளிச்சம் தெரிந்தால் வேறொன்றை எடுக்கச் சொல்லுங்கள். அடுத்து காந்த ஸ்டாண்டோடு ஒரு டயல் கேஜ். அப்புறம் நாலு அங்குல வைஸ், இரண்டு அரம், எம் 5, 6, 8, 10 டேப் செட், அதற்கேற்ற டிரில் பிட். டிரில்லிங் மெஷினும் லேத்தும் இதற்கெல்லாம் பிறகு வரட்டும், மூன்று மாதம் அரமும் வெர்னியருமாக ஒரு இரும்புத் துண்டை நாலு பக்கமும் சதுரமாக ராவிப் பழகுங்கள், அதற்குள் எந்த மெஷின் வேண்டும் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.